இடுப்பும் முழங்காலும் ஒத்துழைக்காதவர்கள் வேலைப் பயணத்துக்குப் பழைய டியர்ட்ராப் டிரெய்லர் வாங்கும் முறை

அமெரிக்கச் சாலைகளில் கார்களின் பின்னால் இழுபட்டுச் செல்லும் படுக்கை வண்டிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று டியர்ட்ராப் டிரெய்லர். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் நீர்த்துளியைப் போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது. உள்ளே ஒரு மெத்தை, பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ கதவுகள், பின்மூடியைத் தூக்கினால் வெளியே நின்றபடி சமைக்கும் சிறு அடுக்களை, வண்டி அவ்வளவுதான். 1930களில் பரவத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதழ்களில் வெளியான வரைபடங்களைப் பார்த்துப் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொண்ட இந்த வண்டியின் பழைய அளவு 4 அடி அகலமும் 8 அடி நீளமும் ஆகும். அது ஒரு முழுப் பிளைவுட் பலகையின் அளவு. இப்போது 5 அடி அகலமுள்ளவையும் தாராளமாகக் கிடைக்கின்றன.

நான் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். ஆய்வகங்களில் உள்ள எடைக் கருவிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், இந்தியானா, இலினாய், விஸ்கான்சின் என்று மாதத்தில் எட்டு அல்லது பத்து இரவுகள் வெளியூரில் கழிகின்றன. வலது இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சையில் மாற்றப்பட்டது. இடது மூட்டு தேய்ந்திருக்கிறது. கைத்தடி இல்லாமல் ஓர் அறையைக் கடப்பதே எனக்குச் சிரமம். விடுதிகளில் தங்கிய ஆண்டுகளில் என்னை வாட்டியது கட்டணம் அல்ல. ஒவ்வொரு இரவும் வெவ்வேறு உயரமுள்ள கட்டிலில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு நீண்ட நடைக்கூடத்தின் கடைசி வரை நடக்க வேண்டியிருந்தது. கைப்பிடி பொருத்திய குளியலறை உள்ள அறையை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்திருந்தும், இரவு பத்து மணிக்குப் போய் நின்றபோது அந்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன இடங்களும் உண்டு. எங்கே போனாலும் ஒரே உயரத்தில், ஒரே மெத்தையில், ஒரே கைப்பிடியைப் பற்றிப் படுத்து எழ முடிந்தால் மறுநாள் வேலைக்கு உடம்பு மிஞ்சும் என்ற எண்ணத்தில்தான் டியர்ட்ராப்பைத் தேடத் தொடங்கினேன்.

தேடியதில் நான் கற்றது ஒன்றுதான்: இந்த வண்டியை வாங்குகிறவர் முதலில் சோதிக்க வேண்டியது தம் உடம்பின் மூன்று அசைவுகளை. கதவு வழியாக உள்ளே போய் வெளியே வருவது, காரோடு இணைக்கும்போது குனிவது, பின்மூடியைத் தூக்கி இறக்குவது ஆகிய மூன்றில் முதலாவது ஒத்துவராத வண்டியை எவ்வளவு செலவு செய்தாலும் சரிப்படுத்த முடியாது. மற்ற இரண்டையும் கருவிகளால் சமாளிக்கலாம்.

வீட்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகள்

வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அல்லது மிகக் குறைவாக ஊன்றி எழ முடிகிறதோ, அதன் இருக்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது 21 அங்குலம். அதற்குக் குறைந்தால் இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துபோய், எழும்போது மாற்று மூட்டின் மேல் முழுப் பளுவும் விழுகிறது; 25 அங்குலத்துக்கு மேல் போனால் கால் தரையைத் தொடாமல், உட்கார்வதற்கே எம்ப வேண்டியிருக்கிறது. அடுத்ததாக, அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை உள்ள உயரத்தை இன்னொருவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். மூன்றாவதாக, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை மேலே எடுத்துத் திருப்பும்போது எந்தப் பக்கமாகத் திரும்பினால் வலி குறைவு என்று பாருங்கள். இந்த மூன்று விவரமும் சட்டைப்பையில் இருந்தால் பாதி வண்டிகளைத் தொலைபேசியிலேயே தள்ளிவிடலாம்.

வண்டியில் இவற்றுக்கு ஈடான அளவுகள் உண்டு. தரையிலிருந்து கதவு நிலையின் கீழ்விளிம்பு வரை ஓர் அளவு. அங்கிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை ஓர் அளவு. மெத்தையிலிருந்து கதவு நிலையின் மேல்விளிம்பு வரை ஓர் அளவு. முதல் இரண்டையும் கூட்டினால் வருவது நீங்கள் உட்காரப்போகும் உயரம். மூன்றாவது அளவு உங்கள் உட்கார்ந்த உயரத்தைவிடக் குறைவாக இருந்தால், உட்காரும்போதே கழுத்தையும் முதுகையும் மடக்கித் தலையை உள்ளே நுழைக்க வேண்டும். இடுப்பு மடங்காதவருக்கு இதுதான் பெரிய இடையூறு. விளம்பரப் படங்களில் இது தெரியவே தெரியாது.

நான் நேரில் பார்த்த முதல் வண்டி மிக அழகானது. உட்சுவர்கள் வார்னிஷ் பூசிய பிர்ச் மரம், விளக்குகள் பித்தளை. காட்டுப் பாதைக்கென்று உயர்த்திய ஆக்சிலும் பெரிய டயர்களும் கொண்டது என்பதால் உட்காரும் உயரம் 31 அங்குலம் இருந்தது. விற்பவர் ஒரு படிக்கட்டை வைத்துக் கொடுத்தார், ஏறிவிட்டேன். இறங்கும்போது, படி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமல் காலால் துழாவி, கதவு நிலையைப் பிடித்துத் தொங்கியபடி நின்றேன். பகலில், வறண்ட சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அப்படி என்றால், மழை பெய்யும் இரவில் இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க இறங்குவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்து, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். உங்கள் பயணம் தார்ச்சாலையில்தான் என்றால் உயர்த்திய வண்டி தேவையில்லை. சாதாரணச் சாலை வண்டியையே தேடுங்கள்.

உள்ளே பெரும்பாலும் தலை முன்புறமும் கால் பின்புறமுமாகப் படுக்கிறோம். கால்மாட்டில் அலமாரி தொங்கும்; அதற்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பாதங்கள் நுழைய வேண்டும். முழங்காலை மடக்கியபடி ஒருக்களித்துத் திரும்பிப் படுக்கிறவர்கள், அந்த இடைவெளியில் முழங்கால் இடிக்கிறதா என்று கதவைச் சாத்திப் படுத்தே பார்க்க வேண்டும். விற்பவர் காத்திருக்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். 15 நிமிடம் படுத்திருங்கள், இரண்டு பக்கமும் புரளுங்கள், பிறகு யாரும் கைகொடுக்காமல் எழுந்து வெளியே வாருங்கள். அதை மூன்று முறை செய்யுங்கள். மூன்றாவது முறையில் வரும் வலிதான் பயணத்தின் உண்மையான வலி.

கதவு ஒன்றுதான் என்றால் அது உங்கள் வலுவான பக்கத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கதவு உள்ள வண்டியே நல்லது, ஏனென்றால் நிறுத்துமிடம் ஒரு பக்கம் சரிந்திருந்தால் தாழ்ந்த பக்கத்தை விட்டு மறுபக்கமாக இறங்கிக்கொள்ளலாம். சக்கர நாற்காலியிலிருந்து நேராக மெத்தைக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பல டியர்ட்ராப்களில் சக்கரமும் அதன் மேலுள்ள மட்கார்டும் உடலுக்கு வெளியே, கதவுக்கு ஒட்டினாற்போலவே நீட்டிக்கொண்டிருக்கும், நாற்காலியை நெருக்கமாக அணைக்க அது விடாது. இரண்டுக்கும் நடுவில் பாலமாக வைத்து நகரும் மாறும் பலகை எட்டுமா என்பதை நாற்காலியோடு போய்த்தான் அறிய முடியும்.

நிமிர்ந்து நின்று உடை மாற்றியே ஆக வேண்டும் என்றால் இந்த வகையே பொருந்தாது. உள்ளுயரம் ஏறக்குறைய 4 அடிதான். அப்படிப்பட்டவர்கள் நூகேம்ப் நிறுவனத்தின் டேப் 320 போன்ற, வடிவில் துளியாகவும் உள்ளே 5 அடி 9 அங்குல உயரமும் சிறு கழிப்பிடமும் உள்ள வண்டிகளைப் பார்க்கலாம். ஆனால் அது 2,000 பவுண்டை நெருங்கும் வண்டி. இழுக்கும் கார் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

காரும் எடையும்

கார் எத்தனை பவுண்டு இழுக்கும் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஒரே பெயருள்ள காரிலேயே இயந்திரத்தையும் கியர் பெட்டியையும் பொறுத்து அந்த எண் மாறும். டிரெய்லரின் எண்ணாக, தயாரிப்பாளர் தகட்டில் உள்ள அதிகபட்ச மொத்த எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெற்று எடை என்பது தண்ணீர், மின்கலம், எரிவாயு, நம் கருவிகள் எதுவும் ஏறாத எடை. டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இணைப்புச் சட்டமான ஹிட்ச்சுக்கும் வகைகள் உண்டு: முதல் வகுப்பு 2,000 பவுண்டு வரையும் இரண்டாம் வகுப்பு 3,500 பவுண்டு வரையும் தாங்கும். ஹிட்ச்சின் எண், காரின் எண் இரண்டில் எது சிறியதோ அதுவே எல்லை.

ஹிட்ச்சில் உள்ள இரும்புப் பந்தின் மேல் அமரும் டிரெய்லர் முன்முனையின் பளு, ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும். கூடினால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி குறையும். இதை அளக்க எடைமேடைக்குப் போக வேண்டியதில்லை. சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ஹிட்ச்சில் இருக்கும் அதே உயரத்தில் முன்முனையை அதன் மேல் இறக்கினால் எண் தெரிந்துவிடும். 1,500 பவுண்டு வண்டிக்கு அது 150 முதல் 225 பவுண்டுக்குள் வர வேண்டும். எடைக்கருவிகளோடு வாழ்பவன் என்ற முறையில் வற்புறுத்திச் சொல்கிறேன்: வேலைக் கருவிகளையும் ஏற்றிய பிறகு இந்த எடையைப் பாருங்கள். நான் கொண்டுபோகும் சோதனை எடைக்கற்கள் 60 பவுண்டு. அவற்றைப் பின் அடுக்களையில் வைத்தபோது முன்முனைப் பளு வெகுவாகக் குறைந்தது. காரின் பின்னிருக்கைக்கு முன்னால் உள்ள தரைக்கு மாற்றிய பிறகே சரியானது. முன்முனைப் பளுவும் காரில் ஏறும் சுமையும் சேர்ந்து, ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தாளில் குறித்த சுமை அளவைத் தாண்டக் கூடாது.

பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். சில மாநிலங்களில் அதற்கும் கீழேயே கட்டாயமாகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் மின் பிரேக் உள்ள வண்டி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்கலாம் என்பது என் கருத்து. காலில் வலுவும் விரைவும் குறைந்தவருக்கு, மிதியை அழுத்தும் ஒவ்வொரு பவுண்டும் கணக்கில் வரும்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாள்

போவதற்கு முன் விற்பவரிடம் மேற்சொன்ன மூன்று கதவு அளவுகளையும், அளவுநாடா படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வண்டி இத்தனை ஆண்டுகள் கூரைக்குக் கீழே நின்றதா, வெட்டவெளியில் நின்றதா என்று கேளுங்கள். அளவுகளை அனுப்பச் சோம்பும் விற்பனையாளரிடம் 200 மைல் போக வேண்டாம். நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே வேண்டாம்.

குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க முடியாதவர்கள் ஒரு நண்பரை அழைத்துச் செல்ல வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால், கைபேசியைச் செல்ஃபி குச்சியில் மாட்டி, அதன் விளக்கை எரியவிட்டு, காணொளிப் பதிவில் போட்டு வண்டிக்கு அடியில் முன்னிருந்து பின்னாக மெதுவாக நகர்த்துங்கள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பெருந்தொகை என்றால் இத்தகைய வண்டிகளைக் கட்டணத்துக்குச் சோதித்துத் தரும் சான்று பெற்ற ஆய்வாளர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

டியர்ட்ராப்பின் முதல் எதிரி தண்ணீர். பெரும்பாலானவற்றில் எலும்புக்கூடு மரம், தோல் அலுமினியத் தகடு. தகட்டின் விளிம்புகளை இணைக்கும் சட்டத்தின் திருகுத் துளைகள் வழியாகவும், பின்மூடியின் கீல் வழியாகவும், கூரை விசிறியைச் சுற்றியும், கதவு நிலையின் கீழ்மூலைகளிலும் நீர் இறங்கும். வெளியே தகடு பளபளத்துக்கொண்டிருக்க, உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும். முதலில் மெத்தையைத் தூக்கச் சொல்லுங்கள். மூடிய சிறு அறையில் இருவர் விடும் மூச்சின் ஈரம் மெத்தைக்கு அடியில் போய்ப் படிவதால், கருப்புப் பூஞ்சை அங்கேதான் முதலில் வரும். பின்பு இரண்டு முள் கொண்ட சிறிய ஈரப்பத மீட்டரை, விற்பவரின் அனுமதியோடு, உள்மூலைகளில் குத்திப் பாருங்கள். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், சந்தேகமில்லாத நடுச்சுவரில் ஒரு முறையும் மூலைகளில் பல முறையும் பார்த்து ஒப்பிட வேண்டும். 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. நான் பார்த்த இரண்டாவது வண்டி, உயரமும் கதவும் எனக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது. நடுச்சுவரில் 11 காட்டிய மீட்டர், பின்மூடியின் கீலுக்குக் கீழே 28 காட்டியது. கட்டைவிரலால் அழுத்தினேன், பலகை ஊறிய ரொட்டியைப் போல உள்ளே போனது. விற்பவர் 1,000 டாலர் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். பின்மூடியின் விலா எலும்புகளையும் கூரையின் பின்விட்டத்தையும் மாற்றும் வேலை அந்தத் தொகையில் முடியாது. அதுவும் என்னைப் போலக் குனிந்து நிமிர முடியாதவர்கள் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலை அன்று. விட்டுவிட்டேன், மனம் கேட்காமல்தான்.

விற்பவர் சம்மதித்தால் தோட்டக் குழாயால் கூரையிலும் கீலிலும் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பின்மூடி மூடிய நிலையில் சுற்றிலும் ஒரே சீராகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றால் மூடியின் மரம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம். தடம் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால் புது டயர்களின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம். பல டியர்ட்ராப்களில் இருப்பது ரப்பர் முறுக்கு ஆக்சில். உள்ளே உள்ள ரப்பர் தளர்ந்துபோனால் சீர் செய்ய வழியில்லை, முழு ஆக்சிலையே மாற்ற வேண்டும். சக்கர பேரிங்குகளுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போடப்பட்டது என்று கேளுங்கள். ஆண்டுக்கொரு முறை அல்லது 12,000 மைலுக்கொரு முறை என்பது பொது வழக்கம். பதில் தெரியவில்லை என்றால் வீட்டுக்கு இழுத்துவரும் முன்பே ஒரு கடையில் போடச் செய்யுங்கள். பேரிங் காய்ந்து நெடுஞ்சாலையில் சக்கரம் இறுகிப்போனால், சாலையோரத்தில் முட்டி போட முடியாதவருக்கு அது சிறிய தொல்லையாக இருக்காது.

மின்சாரத்தில் விளக்கு, விசிறி, வண்டியின் பின்விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டுப் பார்த்தால் போதும். மின்கலம் மட்டும் சற்று யோசிக்க வேண்டியது. பழைய ஈய-அமில மின்கலம் 50 பவுண்டு வரை கனக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் அதில் பாதிதான். தூக்க முடியாதவருக்கு இந்த மாற்றம் ஆடம்பரமன்று. ஆனால் வண்டியிலுள்ள சார்ஜர் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக இயந்திரம் வைத்துக்கொள்கிறவர்கள், அது ஓர் இரவில் எடுக்கும் மின்சாரத்தை வீட்டிலேயே அளந்துகொண்டு போக வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பின்புறத்தில் காலாவதித் தேதி இருக்கும். கடந்திருந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

தாள்கள்

சட்டகத்தில் பதித்த வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) உரிமைத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உரிமைத் தாளில் கடன் பாக்கி குறிக்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. சில மாநிலங்கள் எடை குறைந்த டிரெய்லர்களுக்கு உரிமைத் தாளே வழங்குவதில்லை. வீட்டில் செய்த வண்டிகளுக்கு மாநிலமே எண் ஒதுக்கும். ஆகவே வேறு மாநிலத்து வண்டியை வாங்கும் முன், உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகம் எந்தெந்தத் தாளைக் கேட்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் தயாரிப்பாளர், மாடல், ஆண்டு ஆகியவற்றை இட்டுத் தேடினால், அந்த வண்டிக்குப் பழுதுக்காகத் திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று தெரியும். கார்க் காப்பீடு, இழுக்கும் டிரெய்லரால் பிறருக்கு நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்கும். டிரெய்லருக்கே நேரும் சேதத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும், வேலைக்குப் பயன்படுத்துவதையும் அதில் சொல்லிவிட வேண்டும். வருமான வரியில், சுயதொழில் செய்பவருக்கும் சம்பளக்காரருக்கும் விதிகள் வேறு வேறு. வாங்குவதற்கு முன்பே கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

வாங்கிய பின்

மூன்றாவதாகப் பார்த்த வண்டியை வாங்கினேன். உட்காரும் உயரம் 23 அங்குலம், இரண்டு கதவுகள், 5 அடி அகலம், எந்த மூலையிலும் 14-க்கு மேல் காட்டாத மீட்டர். அதில் முதலில் செய்த மாற்றம் கைப்பிடி. கதவு நிலைக்கு உட்புறம், மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிக் கண்டுபிடித்து, சட்டத்திலேயே திருகேறும்படி ஒரு கைப்பிடியைச் செங்குத்தாகப் பொருத்தச் செய்தேன். வெறும் உட்பலகையில் பொருத்தினால் உடல் எடைக்குப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மெத்தையின் ஓரத்தில், உட்காரும் இடத்தில் மட்டும், வழுக்கும் சாட்டின் துணியை விரித்திருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்தால் இடுப்பைத் தூக்காமலே கால்களை உள்ளே திருப்ப முடிகிறது. மண்டியிட்டுப் படுக்கை விரிப்பது இயலாத காரியம் என்பதால், விரிப்புக்குப் பதில் ஒரே ஒரு ரஜாயை மடித்துப் போட்டு எடுக்கிறேன்.

பின்மூடியைத் தாங்கும் வாயு நிரப்பிய தண்டுகளான கேஸ் ஸ்டிரட்டுகள் தளர்ந்திருந்தால், அதே நீளமும் அதே விசை எண்ணும் கொண்ட புதியவற்றை இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்; விசை எண் ஸ்டிரட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். திறந்த மூடியை எட்டி இழுக்க முடியாதவர்கள், அதன் உள்விளிம்பில் ஒரு நாடாவைக் கட்டித் தொங்கவிட்டால் நின்ற இடத்திலிருந்தே இழுத்து மூடலாம். சமையல் நின்றுகொண்டுதான்; நான் சிறு மின்குக்கரில் சோறு வைத்து, தயிரும் பொடியும் கொண்டு இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன், பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்பதில்லை.

காரோடு இணைக்கும் வேலையில்தான் அதிகம் குனிய வேண்டியிருக்கிறது. கையால் சுற்றும் ஜாக்குக்குப் பதில் மின் ஜாக்கைப் பொருத்திக்கொள்ளுங்கள். நான்கு மூலையில் இறக்கும் தாங்குகால்களை, நீண்ட தண்டு மாட்டிய மின்துளைப்பானால் நின்றபடியே சுற்றலாம். சக்கரக் கட்டைகளில் கயிறு கட்டி வைத்தால் குனியாமல் இழுத்தெடுக்கலாம். பின்னோக்கும் கேமரா இருந்தால் பந்தை நேராகக் கப்ளருக்கு, அதாவது பந்தைக் கவ்வும் டிரெய்லர் முன்முனைக்கு, கீழே கொண்டுவர ஒருவரே போதும்.

ஒன்றை மட்டும் குனிய வலிக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. இரண்டாவது மாதத்தில் ஒரு காலை, கப்ளரின் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது என்று நம்பி, கீழே பார்க்காமல் புறப்பட்டேன். தங்குமிட வாயிலில் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன்முனை பந்தைவிட்டுத் துள்ளி, குறுக்காக மாட்டியிருந்த பாதுகாப்புச் சங்கிலிகளின் மேல் விழுந்தது. சங்கிலிகளைப் பெருக்கல் குறிபோல மாட்டுவது இதற்காகத்தான். விழும் முனையை அவை தொட்டில்போல ஏந்தும். ஐந்து மைல் வேகத்தில் நடந்ததால் தப்பினேன். அன்றிலிருந்து பூட்டைப் போட்டதும் ஜாக்கை மறுபடி இயக்கி, முன்முனையை மேலே தூக்குகிறேன்: காரின் பின்புறமும் சேர்ந்து ஓர் அங்குலம் எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. இதற்குக் குனிய வேண்டியதே இல்லை, நின்றபடி பார்த்தால் போதும்.

இரவு தங்குமிடம்

வண்டியில் கழிப்பிடம் இல்லை என்பதை மறந்து இடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கழிப்பறையிலிருந்து எத்தனை அடி, பாதை தாரா சரளையா, குளியலறையில் இருக்கையும் கைப்பிடியும் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பின்னோக்கி ஓட்டத் திரும்பிப் பார்க்க முடியாதவர்கள், ஒரு புறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் இடங்களைக் கேட்டு வாங்க வேண்டும். குடியுரிமை அல்லது நிரந்தர வாழ்வுரிமை பெற்று, நிரந்தர இயலாமையும் உள்ளவர்களுக்குக் கூட்டரசு வழங்கும் ஆக்சஸ் பாஸ் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். கூட்டரசு நிலங்களில் உள்ள பல முகாம்களில் அதைக் காட்டினால் பாதிக் கட்டணம். இராணுவப் பொறியாளர் படை நடத்தும் முகாம்களில் இது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. மத்திய இலினாயில் வேலை என்றால் ஷெல்பிவில் ஏரிக்கரையில் உள்ள அவர்களுடைய முகாமில் தங்கிவிடுகிறேன். வடக்கு மாநிலங்களில் பல முகாம்கள் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடும் என்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை நான் விடுதிக்கே திரும்புகிறேன். இரவுக்கு ஒரு கைச்சிறுநீர்க் கலனோ மூடியுள்ள சிறு கழிப்பெட்டியோ கதவருகே இருக்கட்டும். கூரை விசிறியின் மூடியை ஓர் அங்குலம் திறந்து வைத்தால் காலையில் சுவர் வியர்த்திருக்காது.

முதல் வேலைப் பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே இரண்டு இரவுகள் அதில் தூங்குங்கள். எத்தனை முறை இறங்கினீர்கள், எந்தப் பொருளை எடுக்க எட்ட வேண்டியிருந்தது, எங்கே கை தடுமாறிப் பிடியைத் தேடியது என்று காலையில் எழுதுங்கள். எனக்கு அப்படித்தான் இரண்டாவது கைப்பிடி எங்கே வேண்டும் என்பது தெரிந்தது. பிறகு புறப்படுங்கள். புதிதாகச் சக்கரம் மாட்டியிருந்தால் முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி, சக்கர நட்டுகளை முறுக்குவிசைச் சாவியால் இறுக்கிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நிறுத்தங்களும் இடுப்புக்கும் ஓய்வாக இருக்கும்படி, நாற்காலி போட்டு உட்காரக்கூடிய ஓய்விடங்களாகவே முன்கூட்டி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.